நுங்கம்பாக்கத்துக்கு நடால் வந்தார், நந்தனத்துக்கு யார் வருவார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில், இந்தியாவின் தொழில்முறை கோல்ஃப் டூரான பிஜிடிஐ நடத்தும் போட்டியின் இரண்டாம் நாள். பதினெட்டாவது கிரீனில் ஒரு பையன் பட் போட, அதாவது பந்தைக் குழிக்குள் தட்டிவிட, குனிந்து நிற்கிறான். பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஆறடி கூட இருக்காது. அவனுடைய பையைச் சுமக்கும் கேடி ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் நான்கு பேர் வேலை முடித்துவிட்டு வந்த மற்ற கேடிகள். அண்ணா சாலையில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்ததும் பையன் பந்தைத் தட்டினான். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்து நின்றது.

ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் கட் போய்விட்டது. கோல்ஃப் பழக்கமில்லாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் போட்டியில் 120 பேருக்கு மேல் இறங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முதல் 50 இடங்களில் இருப்பவர்களும் அவர்களோடு சமநிலையில் இருப்பவர்களும் மட்டும் மிச்ச இரண்டு நாள் ஆடுவார்கள். மற்றவர்களுக்குக் கையில் ஒரு ரூபாய் வராது. ரயில் செலவு, லாட்ஜ் வாடகை, கேடி கூலி, நுழைவுக் கட்டணம் எல்லாம் போனது போனதுதான்.

இந்திய டூரில் வழக்கமான ஒரு போட்டியின் மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய். ஜெயிப்பவருக்கு 15 லட்சம். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ‘சிக்னேச்சர்’ என்று பெயர் வைத்து வருஷத்துக்கு எட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மொத்தப் பரிசு 2 கோடி டாலர். ஜெயிப்பவர் குறைந்தது 36 லட்சம் டாலர் எடுத்துக்கொண்டு போகிறார். நம் கணக்கில் ஏறத்தாழ 30 கோடி ரூபாய். நந்தனத்தில் 200 தடவை ஜெயித்தால் அந்தத் தொகை வரும்.

இதைப் பார்க்கிற யாருக்கும் தோன்றுகிற கேள்விதான். உச்சத்தில் இருக்கிற ஆட்டக்காரர்கள் வருஷத்தில் ஒரு வாரமாவது சின்னப் போட்டிகளுக்கு வந்து ஆடக் கூடாதா? அவர்கள் வந்தால் கூட்டம் வரும், டிவி வரும், ஸ்பான்சர் வருவார், அந்தப் பையனுக்கும் நாலு காசு பார்க்க வழி பிறக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைக்காரர்கள் இந்தக் கதையை வேறொரு ஆட்டத்தில் முழுசாகப் பார்த்து முடித்தவர்கள்.

நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை, 21 வருஷம், ஜனவரி பிறந்தால் ஆண்கள் டென்னிஸின் உலக டூரான ஏடிபியின் போட்டி. தரவரிசையில் அது கடைசிப் படி. டென்னிஸ்காரர்கள் மொழியில் ‘250’. ஆனாலும் பெரிய ஆட்கள் வந்தார்கள். 1998-இல் பாட்ரிக் ராஃப்டர் ஜெயித்தார். கார்லோஸ் மோயா 2004, 2005 என்று இரண்டு தடவை கோப்பை வாங்கினார். ரஃபேல் நடால் 2008-இல் அரையிறுதியில் மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, மறுநாள் இறுதியில் கால் நகராமல் யூஷ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார். அந்த அரையிறுதியை நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எண்ணிக்கை இன்று ஸ்டேடியத்தின் இருக்கைகளைத் தாண்டிவிட்டது. அது தனிக் கதை.

பெரிய ஆட்டக்காரர் வந்தால் சின்னவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு 2009-ஐப் பார்த்தால் போதும். சோம்தேவ் தேவ்வர்மன் அப்போது தரவரிசையில் எங்கோ இருந்தார். ‘வைல்ட் கார்டு’ கொடுத்து உள்ளே விட்டார்கள். அவர் முன்னாள் உலக முதல்நிலை வீரர் மோயாவை வீழ்த்தினார், கார்லோவிச்சை வீழ்த்தினார், இறுதிவரை போய் மாரின் சிலிச்சிடம் தோற்றார். மோயா அந்த வருஷம் சென்னைக்கு வராமல் இருந்திருந்தால் சோம்தேவ் ஜெயித்திருக்கக்கூடும், ஆனால் அந்த வெற்றியை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். வீழ்த்துவதற்கு ஒரு பெரிய பெயர் எதிரே இருக்க வேண்டும்.

பெரியவருக்கும் லாபம் இல்லாமல் இல்லை. ஸ்டான் வாவ்ரிங்கா 2014 ஜனவரியில் இங்கே ஜெயித்துவிட்டு நேராக மெல்போர்ன் போய் ஆஸ்திரேலிய ஓபனை ஜெயித்தார், அதுவும் இறுதியில் நடாலை வீழ்த்தி. ராசியான ஊர் என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த இரண்டு வருஷமும் வந்து ஜெயித்தார்.

சரி, இத்தனை பேர் வந்தும் என்ன ஆனது? 2018-இல் போட்டி புணேக்குப் போய்விட்டது. கூட்டம் குறைந்ததாலோ ஆட்டக்காரர்கள் வர மறுத்ததாலோ போகவில்லை. போட்டியை நடத்தும் உரிமை ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது, அவர்கள் வேறு ஊரைப் பார்த்துக்கொண்டார்கள். பிற்பாடு அது இந்தியாவை விட்டே போனது. நட்சத்திரம் வந்தால் போட்டி பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு நுங்கம்பாக்கம்தான் ஞாபகம் வரும். வருகிறவர் கூட்டத்தைக் கொண்டுவருவார். போட்டி நிலைப்பதற்குத் தேதி, உரிமை, பணம் என்று வேறு மூன்று கால்கள் வேண்டும்.

கோல்ஃபுக்குத் திரும்புவோம். இதில் டென்னிஸில் இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. டென்னிஸில் 250 புள்ளிப் போட்டியை ஜெயித்தால் 250 புள்ளி, யார் ஆடினாலும் ஆடாவிட்டாலும். கோல்ஃப் உலகத் தரவரிசை அப்படி இல்லை. 2022 ஆகஸ்டில் கணக்கை மாற்றினார்கள். இப்போது களத்தில் இறங்குகிற ஒவ்வொருவரின் ஆட்டத் திறனுக்கும் ஒரு மதிப்புப் போட்டு, அதையெல்லாம் கூட்டித்தான் அந்தப் போட்டிக்கு எத்தனை புள்ளி என்று முடிவாகிறது. நல்லவர்கள் கூடினால் புள்ளி கூடும், வராவிட்டால் குறையும். சின்ன டூர்களுக்கு முன்பு குறைந்தபட்சம் இவ்வளவு என்று கொடுத்துவந்த புள்ளியும் அதோடு போய்விட்டது. ஆக, உச்சத்தில் இருப்பவர்கள் எட்டுப் பெரிய போட்டிகளுக்குள் எழுபது எண்பது பேராகச் சுற்றிக்கொண்டிருந்தால் புள்ளியும் அவர்களுக்குள்ளேயே சுற்றும். புள்ளி இருந்தால்தான் பெரிய போட்டிக்குள் போகலாம், பெரிய போட்டிக்குள் போனால்தான் புள்ளி. நந்தனத்தில் ஜெயிப்பவருக்கு இந்தச் சுவரில் இருக்கிற கதவு மிகச் சின்னது. ஒரு பெரிய ஆட்டக்காரர் ஒரு வாரம் வந்து ஆடினால், அவர் தோற்றாலும் ஜெயித்தாலும், அந்த வாரம் ஆடுகிற எல்லாருக்கும் புள்ளி கொஞ்சம் உயரும். அவருடைய வருகையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஆட்டோகிராஃபும் செல்ஃபியும் அப்புறம்.

ஏன் வருவதில்லை என்பதற்குப் பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிதான் உண்மை. மேஜர் என்கிற மிகப் பெரிய போட்டிகள் நான்கு, எட்டு சிக்னேச்சர், வருஷக் கடைசியில் பிளேஆஃப் போட்டிகள் என்று போட்டாலே வருஷம் கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. முதுகும் முழங்காலும் ஓய்வு கேட்கும். அதைவிட முக்கியமானது, பிஜிஏ டூர் உறுப்பினர் அதே வாரத்தில் வேறு டூரில் ஆட வேண்டுமென்றால் டூரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். 2022-இல் சவூதிப் பணத்தோடு எல்ஐவி என்கிற போட்டி டூர் வந்ததும் இரண்டு பக்கமும் வேலியை இன்னும் உயர்த்தினார்கள். நம் அனிர்பன் லாஹிரி அந்த வருஷமே எல்ஐவி பக்கம் போனார். யார் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறார் என்பது பெரிய விஷயமாகிவிட்ட காலத்தில், சின்ன ஊருக்கு வர ஆசைப்பட்டாலும் நினைத்தபடி வந்துவிட முடியாது.

ஆசைப்பட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஜோர்டன் ஸ்பீத் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சில்விஸ் என்று ஒரு சின்ன ஊர். டிராக்டர் கம்பெனியான ஜான் டியர் பெயரில் அங்கே ஒரு போட்டி நடக்கிறது. சுற்றிலும் சோளக் காடு. தேதியும் வாகாக அமையவில்லை. பல வருஷம் அது பிரிட்டிஷ் ஓபனுக்கு முந்தின வாரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் அந்த வாரம் ஸ்காட்லாந்தில் காற்றுக்குப் பழகிக்கொண்டிருப்பார்கள், சோளக் காட்டுக்கு யார் வருவார்? போட்டிக்காரர்கள் ஒரு யோசனை செய்தார்கள். ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களையும் கேடிகளையும் ஏற்றிக்கொண்டு நேரே பிரிட்டனுக்குப் பறக்கத் தனி விமானம். கல்யாணத்துக்கு வரத் தயங்குகிற உறவினருக்கு வேன் அனுப்புகிற மாதிரி.

2013-இல் ஸ்பீத் அங்கே வந்தபோது வயது 19, டூரில் முழு உரிமை கிடையாது. கடைசிக் குழியில் மணல் பள்ளத்திலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் விழுந்து, சமநிலையை உடைக்க ஆடுகிற பிளேஆஃபுக்குப் போய் ஜெயித்தார். இரண்டு வருஷம் கழித்து 2015 ஜூலையில் அவர் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன் என்கிற இரண்டு மேஜர்களை அடுத்தடுத்து ஜெயித்திருந்தார். அடுத்தது செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓபன். மூன்றாவதையும் எடுத்தால் சரித்திரம். முன்கூட்டியே போய்ப் பயிற்சி எடுக்காமல் சில்விஸில் என்ன வேலை என்று டிவியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஸ்பீத் ஒத்துக்கொண்டபடி சில்விஸுக்கு வந்தார், ஆடினார், அதையும் ஜெயித்தார், அப்புறம்தான் விமானம் ஏறினார்.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் பிளேஆஃபைத் தவறவிட்டார். ‘சொன்னோம் இல்லையா’ என்று பலர் ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த ஓபனை ஜெயித்தது யார்? சாக் ஜான்சன். பக்கத்து மாநிலமான அயோவாக்காரர். அவரும் முந்தின ஞாயிறுவரை அதே சில்விஸில்தான் ஆடிக்கொண்டிருந்தார். சின்னப் போட்டிக்குப் போனால் பெரிய போட்டி கெடும் என்கிற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஸ்பீத் அங்கே போனதைத் தர்மம் என்று எழுதினால் தப்பு. தன்னை உள்ளே விட்ட வாசலுக்கு அவர் திரும்பிப் போனார், அவ்வளவுதான். சின்னப் போட்டிகளின் வேலையே ஆளை உள்ளே விடுவதுதான். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர் அர்ஜுன் அத்வால். 2010-இல் வின்டம் சாம்பியன்ஷிப். அவர் அதற்குள் நுழைந்ததே திங்கட்கிழமை நடக்கிற தகுதிச் சுற்று வழியாக. எழுபது பேர் மட்டும் ஆடுகிற, அழைப்பு வைத்திருப்பவர் மட்டும் நுழைகிற போட்டியாக அது இருந்திருந்தால் அத்வாலுக்கு அந்தத் திங்கட்கிழமையே கிடைத்திருக்காது. விக்டர் ஹோவ்லன்ட் தன் முதல் பிஜிஏ வெற்றியை 2020-இல் போர்ட்டோ ரிக்கோவில் பெற்றார். உச்ச வீரர்கள் பலரும் மெக்சிகோவில் வேறொரு பெரிய போட்டியில் இருந்த வாரம் அது. இங்கே கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் வராததால்தான் ஹோவ்லன்டுக்கு அந்த இடைவெளி கிடைத்தது என்றும் சொல்லலாம். சின்னப் போட்டிகள் எல்லாவற்றிலும் பெரியவர்கள் இறங்கிவிட்டால், உள்ளே விடுகிற வாசலில் அவர்களே கூட்டமாக நிற்பார்கள். ஒருவரோ இருவரோ வந்தால் புள்ளி உயரும். இருபது பேர் வந்தால் இருபது இடம் போய்விடும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு, அதில் நம் ஊர் வாசனையும் அடிக்கிறது. ஃபுளோரிடாவில் ஒரு போட்டிக்கு ஹோண்டா கம்பெனி 1982 முதல் பெயர் கொடுத்துவந்தது. பிஜிஏ டூர் 2023-இல் பெரிய பணப் போட்டிகளை வரிசையாக அடுக்கியபோது, ஹோண்டாவின் தேதி அவற்றுக்கு நடுவில் நசுங்கியது. உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்த மைதானத்துக்குப் பக்கத்திலேயே, ஜூபிடர் பகுதியில்தான் வீடு வாங்கி வைத்திருக்கிறார்கள். காலையில் பல் தேய்த்துவிட்டுக் காரில் வந்துவிடலாம். வரவில்லை. அந்த வருஷத்தோடு ஹோண்டா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. 2024 முதல் அந்தப் போட்டியின் பெயர் காக்னிசன்ட் கிளாசிக். 1994-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. ஓஎம்ஆரில் அந்த நீல அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் கம்பெனி பெயரில் ஃபுளோரிடாவில் ஒரு கோல்ஃப் போட்டி நடப்பது தெரியும் என்று ஒரு நாள் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் இருந்தால் விளம்பரமும் அங்கேதான். ஆனால் பணம் நம் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நந்தனம் பக்கம் திரும்ப அதற்குக் காரணம் இல்லை என்பதும் தெரிகிறது.

பெரிய பெயர் இந்தியாவுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதைச் சமீபத்தில் பார்த்தோம். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப். பரிசு 40 லட்சம் டாலர். ரோரி மெக்கில்ராய், ஹோவ்லன்ட், ஷேன் லாரி, டாமி ஃபிளீட்வுட் எல்லாரும் வந்தார்கள், ஃபிளீட்வுட் ஜெயித்தார். டெல்லி மைதானம் இரண்டு பக்கமும் முட்புதர் மண்டிய ஒடுக்கமான சந்து. உலகத்திலேயே டிரைவரை, அதாவது பந்தை மிகத் தூரம் அனுப்புகிற மட்டையை, வைத்து மிக அழகாக அடிப்பவர்களில் ஒருவரான மெக்கில்ராய் அந்த வாரம் டிரைவரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அவர்களோடு ஒரே களத்தில் ஆடினார்கள். நல்ல வாரம்தான். ஆனால் அதைச் சின்னப் போட்டிக்குச் செய்த உதவி என்று சொல்ல மாட்டேன். அது பெரிய பணத்தில், பெரியவர்களுக்காகவே கட்டிய பந்தல். அடுத்த வாரம் இந்திய டூர் வழக்கமான 1 கோடிக்குத் திரும்பும்.

இதற்கு எதிர்மாறாக ஒரு பழைய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் ஓபனை ஐந்து தடவை ஜெயித்த ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன். 1964-இல் இந்தியன் ஓபன் தொடங்குவதற்கே அவர் ஒரு காரணம். முதல் வருஷம் தானே வந்து ஆடி ஜெயித்தார். 1966-இல் வந்து ஜெயித்தார். 1976-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், மறுபடி வந்து ஜெயித்தார். நடுவே 1965-இல் பி.ஜி. சேத்தி என்கிற நம் அமெச்சூர் ஜெயித்தார். அதற்கப்புறம் ஒரு இந்தியர் ஜெயிக்க 1991 ஆனது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர். அந்த வருஷம் அவர் ஜெயிக்க, 26 வருஷமாக ஒரு போட்டி விடாமல் நடந்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. தாம்சன் வந்துபோன வாரங்களைவிட, போட்டி ஒன்று ஆரம்பித்து அட்டவணையில் உட்காரும்வரை கூட நின்றதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆக, வர வேண்டுமா என்றால், வர வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் மனசாட்சியை நம்பி விட்டுவிடக் கூடாது. இதற்கு விதியே உண்டு. பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில், முன்னணி ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் நடக்கிற ஒவ்வொரு போட்டியிலும் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆட வேண்டும், இல்லையென்றால் அபராதம். பிஜிஏ டூரும் 2016-17 பருவத்தில் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. வருஷத்துக்கு 25 போட்டிக்குக் குறைவாக ஆடுகிறவர், முந்தைய நான்கு வருஷத்தில் போகாத ஒரு போட்டிக்குப் போயாக வேண்டும் என்றது அந்த விதி. பெரிய பாரம் ஒன்றுமில்லை. நம் கிரிக்கெட்டில் 2025 ஜனவரியில் வாரியம் கண்டிப்பு காட்டியதும் விராட் கோலி பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ரஞ்சி ஆட டெல்லிக்கு வந்தாரே, காலையிலேயே வாசலில் கூட்டம் முண்டியடித்ததே, அதே கதைதான். அவர் 6 ரன்னில் போல்டு ஆனார். எடுத்த ரயில்வே பந்துவீச்சாளரின் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது.

நந்தனத்துக்கு மெக்கில்ராய் வர வேண்டாம். வெளி டூர்களில் ஆடுகிற நம் ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வருஷத்துக்கு இரண்டு வாரம் உள்ளூர்ப் போட்டிக்கு வந்தால் போதும், அதில் ஒரு வாரம் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைக்கு விழும். அவர்கள் எல்லாரும் இந்த மாதிரி மைதானங்களில் கட் போய், ரயில் ஏறி, மறுபடி வந்து ஆடித்தான் மேலே போனவர்கள். பிஜிடிஐ பட்டியலில் வருஷக் கடைசியில் முதலிடம் பிடிப்பவருக்கு ஐரோப்பிய டூரில் ஆட இடம் கிடைக்கிறது. மவ் ஊரைச் சேர்ந்த ஓம் பிரகாஷ் சவுகான் 2023-இல் அப்படித்தான் போனார். ஏணி இருக்கிறது, ஏறினவர் நடுவில் ஒரு தடவை இறங்கி வருகிற பழக்கம்தான் இல்லை.

ஆனால் இப்போதைக்கு அந்த விதியை எழுதக்கூட இடமில்லை. மைதானமே குறைந்துவிட்டது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தபோது, ஓடுபாதைக்கு நடுவே இருந்த ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் அதில் சிக்கிக்கொண்டது. 2025-இல் பிஜிடிஐக்குப் போட்டியாக இந்தியன் கோல்ஃப் பிரீமியர் லீக் வேறு வந்தது. ககன்ஜீத் புல்லர் போன்ற பெயர் உள்ளவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். இருக்கிற கொஞ்சம் ஸ்பான்சர்களும், கூட்டம் இழுக்கக்கூடிய கொஞ்சம் ஆட்டக்காரர்களும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை வா என்று சொல்ல முதலில் ஒரே அட்டவணை வேண்டும், அதை யார் போடுவது என்பதிலேயே இரண்டு தரப்பும் இன்னும் பேசி முடிக்கவில்லை.